மெடிசினா, சர்ஜரியா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோயம்புத்தூரில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இப்போது சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, செய்துகொண்டிருக்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, படுகர் கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிக்கிறேன். எம்.டி. மெடிசின் எடுப்பதா, எம்.எஸ். சர்ஜரி எடுப்பதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. மெடிசின் போஸ்டிங்கில் ஒவ்வொரு கேஸாக உட்கார்ந்து யோசிப்பது பிடித்திருந்தது. சர்ஜரி போஸ்டிங்கில், குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆன ஒரு தாத்தாவை டியூட்டி முடிந்த பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் காலையில் "காத்து பிரிஞ்சிருச்சு கண்ணு" என்றார். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. சீனியர்கள், உனக்குப் பொறுமை ஜாஸ்தி, மெடிசின்தான் சரி என்கிறார்கள். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு சர்ஜரி, ராத்திரி பகல் என்று பார்க்காமல் கூப்பிடுவார்கள் என்கிறார் அப்பா. எப்படியானாலும் மலைக்குத் திரும்பி வந்து வேலை பார்க்க ஆசை. நீங்கள் பிசிஷியனாக இருந்தவர். என்ன சொல்கிறீர்கள்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள டாக்டர்,

பொறுமைசாலிக்கு மெடிசின், துணிச்சல்காரருக்கு சர்ஜரி என்ற இந்தப் பேச்சு நான் படித்த காலத்திலும் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பி சீட் எடுக்காதீர்கள். எந்த அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி வார்டிலும் காலையில் முதல் வேலை என்ன? சர்க்கரைக்காரர்களின் கால் புண். கட்டைப் பிரித்து, செத்த சதையை வெட்டியெடுத்து, கழுவி, மறுபடி கட்ட வேண்டும். விரலைக் காப்பாற்றலாமா, பாதத்தோடு போகுமா என்று வாரக்கணக்கில் அதே காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிடப் பொறுமை கேட்கிற வேலை மெடிசினில் இல்லை. அதேபோல, பூச்சிமருந்து குடித்த ஒருவர் வாயில் நுரை தள்ளி வரும்போது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முறிவு மருந்தான அட்ரோபினை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நெஞ்சில் சளிச் சத்தம் அடங்குகிறதா என்று ஸ்டெத்தை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பவர் பிசிஷியன். அங்கே தயங்க நேரம் கிடையாது.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மலைக்குத் திரும்பி வருவது பற்றி. அதை முன்னால் கொண்டுவந்து வைத்தால் கேள்வியே மாறிவிடும்.

பிசிஷியன் தனியாளாக மலையேறலாம். ஒரு ஸ்டெத், ஒரு ஈ.சி.ஜி. மெஷின், ஓரளவுக்கு லேப், போதும். பாதி வேலை நடந்துவிடும். சர்ஜன் தனியாக வந்தால் வெறும் ஆள்தான். மயக்க மருந்து டாக்டர் வேண்டும், தியேட்டர் நர்ஸ் வேண்டும், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓட வேண்டும், ரத்தம் கிடைக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் கையில் இருக்கிற வித்தை உதவாது. ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது: மாலையில் குடலிறக்கம் சிக்கிக்கொண்டு ஒரு தோட்டத் தொழிலாளி வந்தார். வீக்கம் கல்லாக இருந்தது, தொட்டால் அலறினார். சர்ஜன் இருந்தார், நல்ல கைக்காரர். மயக்க மருந்து டாக்டர் லீவு. ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும் என்று தெரிந்தே, வளைவு வளைவாகக் கீழே அனுப்பி வைத்தோம். ஆள் பிழைத்தார், ஒரு முழத்துக்குக் குடலை இழந்து. (என் மனைவி மயக்க மருந்து டாக்டர். சர்ஜரியா மெடிசினா என்று மட்டும் கேட்கிறார்களே, எங்களை யாராவது நினைக்கிறார்களா என்று இதைப் படித்துவிட்டுக் கேட்டாள். நியாயம்தான். மலைக்கு இன்று அதிகம் தேவைப்படுவது அவர்கள்தான்.)

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தக் கணக்கும் போயிற்று.

இன்னொன்று. மலையில் இந்த இரண்டு படிப்பையும் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து பணியர் பழங்குடிப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறான். வலி, காய்ச்சல், தொட்டால் வயிறு இறுகுகிறது. அப்பெண்டிக்ஸ் என்று எந்த சர்ஜனுக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அது, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் ரத்தசோகையின் வலியாகவும் இருக்கலாம். அந்த நோய் இந்தியாவில் முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று, 1952இல். அதற்குக் கத்தி வேண்டாம், சலைனும் வலி மருந்தும் கதகதப்பும் போதும். நிஜமாகவே அப்பெண்டிக்ஸ் என்றாலும், அந்தப் பையனின் உடம்பு குளிர்ந்துவிடாமல், தண்ணீர்ச் சத்து குறையாமல், ஆக்சிஜன் இறங்காமல் பார்த்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். இதெல்லாம் மெடிசின் பாடம் என்று ஒதுக்கிய சர்ஜன் இங்கே ஆபத்தானவர்.

என் பக்கத்துக் கதையும் உண்டு. ஒரு வாரமாகக் காய்ச்சல், டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை என்று ஓர் அம்மா வருவார். ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. குளிர் ஊரில் யாரும் உடுப்பைக் கழற்ற மாட்டார்கள், டாக்டரும் கேட்க மாட்டார். நர்ஸை வைத்துக்கொண்டு கழற்றச் சொல்லிப் பார்த்தால் அக்குளில், வலிக்காமல், பீடி சுட்ட தழும்பு மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ், ஒரு சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் கிடைக்கிற அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் பிசிஷியனாக இருந்தேன்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி கூப்பிடுவார்கள் என்பது இரண்டுக்கும் பொது. மாரடைப்பும் பாம்புக்கடியும் விடியட்டும் என்று காத்திருப்பதில்லை. பெண் என்பதற்காகச் சொல்கிறார் என்றால் இதைக் காட்டுங்கள்: கனடாவின் ஒன்டாரியோவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வந்தது. பெண் சர்ஜன்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பின்விளைவுகள் சற்றுக் குறைவாகவே இருந்தன. அப்பா கனடாவை ஏற்றுக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

நீங்கள் சர்ஜரி எடுங்கள் என்பேன். வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க எல்லா ஹவுஸ் சர்ஜனுக்கும் பிடிக்கும். வெட்டிய பிறகு வரும் நாட்கள்தான் சோதனை. வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்த டிரெய்ன் குழாயில் எவ்வளவு வந்தது, வயிறு உப்பியிருக்கிறதா, குடல் சத்தம் கேட்கிறதா என்று தினம் தினம் பார்ப்பது சலிப்பான வேலை. டியூட்டி முடிந்தும் அதற்காகப் போயிருக்கிறீர்கள், யாரும் சொல்லாமல். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அப்படிப் போனதில்லை. காய்ச்சல் சார்ட்டைப் பார்க்கத்தான் போவேன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு எம்.சிஎச்., அதாவது சர்ஜரியில் ஒரு தனித்துறை மேற்படிப்பு, என்று எல்லோரும் தள்ளுவார்கள். நியூரோ சர்ஜரி முடித்துவிட்டுக் கோத்தகிரியில் உட்கார முடியாது. மலைதான் முக்கியம் என்றால் ஜெனரல் சர்ஜரியோடு நின்று, சிசேரியனும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதும் கூடவே பழகிக்கொள்ளுங்கள். லீவு கிடைத்தால் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரிக்குச் சில நாள் போய் வாருங்கள். அஸ்வினி அமைப்பு 1990இலிருந்து நடத்துகிறது. குறைந்த வசதியில் என்னென்ன செய்கிறார்கள், எதைக் கீழே அனுப்புகிறார்கள் என்று பாருங்கள்.

ரேங்க் நன்றாக வந்தால்தான் உண்மையான தொந்தரவு. நல்ல ரேங்க்கை வீணாக்காதே, மெடிசினோ ரேடியாலஜியோ எடு என்று சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கவுன்சலிங்குக்கு முன்னால் ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டாம் வருஷ சர்ஜரி பி.ஜி. ஒருவரைப் பிடித்து, இதுவரை எத்தனை ஹெர்னியா, எத்தனை அப்பெண்டிக்ஸ் நீயே செய்தாய், எத்தனைக்கு வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டரை மட்டும் பிடித்தாய் என்று கேளுங்கள். கல்லூரியின் பெயர் பெரிதாக இருந்தாலும், இரண்டாவது எண்ணிக்கை அதிகமாக இருக்கிற இடத்தைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள்.