கடல் கேள்வி – பதில்: சோளகத்தில் மீனும் தூண்டிலும்

கேள்வி: மே மாதம் கழிந்ததும் கொழும்புப் பக்கக் கடல் கொந்தளிக்கிறது, ஆனாலும் சந்தையில் மீன் குறைவில்லாமல் விற்கப்படுகிறது. அது எங்கிருந்து வருகிறது, நம்பி வாங்கலாமா? பதினாறு வயதான என் மகன் கரையோரக் கற்களில் நின்று தூண்டில் போட ஆசைப்படுகிறான். எந்த மாதங்களில் அவனை அனுப்பலாம்?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: எங்கள் கரையில் மீன்பிடிக் காலத்தை மீனைவிடக் காற்றே தீர்மானிக்கின்றது. மே பிற்பகுதியில் எழும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் மோதுவதால், முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் சிறிய பைபர் படகுகளில் தொழில் செய்வோர் பல நாட்கள் கரையிலேயே தங்க நேரிடுகின்றது. அதே காற்று கிழக்கில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் திருகோணமலை, மட்டக்களப்புக் கடல் அப்போது அடங்கியிருக்கும். அங்கு பிடிபடும் பாரையும் அறக்குளாவும் லொறிகளில் பேலியகொடைச் சந்தைக்கு வந்துசேரும்.

கெலவல்லா, பலயா போன்ற சூரை வகைகள் பெரும்பாலும் ஆழ்கடல் மீன்கள். இலங்கையைச் சூழ்ந்த கண்டமேடை சராசரியாக 22 கிலோமீற்றர் அகலமே கொண்டது. அதற்கப்பால் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் பலநாள் படகுகளில், முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே ஐஸ் அறையில்தான் கரைக்கு வருகின்றன. ஆகவே மீனின் பூவை, அதாவது செவுளை, தூக்கிப் பாருங்கள்: சிவந்து ஈரமாக இருந்தால் வாங்கலாம், பழுப்பேறி வழுவழுத்திருந்தால் விலை எவ்வளவு மலிந்தாலும் விட்டுவிடுங்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது.

மகனை டிசெம்பர் முதல் மார்ச் வரை, காலை வேளையில், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவருடன் அனுப்புங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கடல் அமைதியாகத் தோன்றினாலும் பிற்பகலில் இடிமின்னல் திரளும்; வெட்டவெளிக் கல்லில் நீண்ட தூண்டிலோடு நிற்பது அப்போது உயிராபத்தானது. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது என்பதால், அலையைத்தான் கவனிக்க வேண்டும். கல்லில் ஏறுமுன் கால் மணி நேரமாவது கீழே நின்று பார்க்கச் சொல்லுங்கள். நனைந்து கறுத்திருக்கும் இடம் எதுவோ அதுவரை அலை வந்துபோயிருக்கிறது, அங்கே கால் வைக்கக் கூடாது. பாரைக்குத் தடித்த தங்கூசி (நைலோன் நூல்) போதும். அறக்குளாவின் பல் அதை அறுத்துவிடும் என்பதால், தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி கட்ட வேண்டும்.

புறப்படும் நாளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானொலி அறிவித்தலை அவசியம் கேளுங்கள். புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கடற்பரப்பு கொந்தளிப்பாக இருக்கும் என்று அதில் சொன்னால், வானம் எவ்வளவு தெளிந்திருந்தாலும் அன்று அனுப்ப வேண்டாம்.