பழைய போனில் பெரிய கேம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற துப்பாக்கிச் சண்டை கேமைச் சுற்றியே இருந்தன. எழுதியவர்கள் எல்லோரிடமும் இருப்பது பல வருடப் பழைய போன். 'புதுசு வாங்குங்கள்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வாங்க முடிந்தவர்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டார்கள். இருக்கிற போனில் என்ன செய்யலாம் என்று மட்டும் பார்ப்போம்.

ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருக்கிறேன். முதல் மேட்ச் அருமையாக ஓடுகிறது. இரண்டாவது மேட்ச் பாதியிலேயே திணற ஆரம்பித்துவிடுகிறது. போன் பழுதாகிவிட்டதா? (கல்லூரி மாணவர், மதுரை)

பழுது இல்லை. பழுதாக இருந்தால் முதல் மேட்சும் ஓடியிருக்காது. 2018-இல் வந்த அந்தப் போனின் ஸ்னாப்டிராகன் 636 சிப்புக்கு இந்த கேமை ஓட்டத் தெம்பு இருக்கிறது. ஓட்டும்போது பிறக்கிற சூடு வெளியே போகத்தான் வழி போதவில்லை. போனுக்குள் விசிறி கிடையாது, முதுகு வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும். சூடு ஓர் அளவைத் தாண்டியதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற திணறல் அதுதான். மதுரையில் மே மாதம் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது இது இன்னும் சீக்கிரம் வரும்.

அதனால் முதல் ஐந்து நிமிடத்தில் எது நன்றாக ஓடுகிறதோ அதை வைத்து செட்டிங்கை முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் விளையாடிய பிறகும் எது தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் உங்கள் செட்டிங். கிராபிக்ஸை 'ஸ்மூத்'தில் வையுங்கள். ஃப்ரேம் ரேட் என்பது திரையில் நொடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) வருகிறது என்ற கணக்கு. அதில் 'ஹை' என்றால் நொடிக்கு 30 ஃப்ரேம், 'அல்ட்ரா' 40, 'எக்ஸ்ட்ரீம்' 60. நொடிக்கு 60 வேண்டுமானால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 16.7 மில்லி நொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 என்றால் 33.3 மில்லி நொடி கிடைக்கும். 60-இல் தொடங்கி 25-க்கு விழுந்து மறுபடி எகிறுகிற போனில் குறி வைப்பது பெரும்பாடு. 30-இல் அசையாமல் நின்றால் கை அந்த வேகத்துக்குப் பழகிவிடும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நிழல், ஆன்டி-அலையாசிங் (படத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவை சிப்பை நன்றாகவே வேலை வாங்கும், ஆட்டத்துக்கு ஒன்றும் தராது. பேக் கவரைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக் காற்று போனின் முதுகில் படுகிற இடத்தில் உட்காருங்கள். திரை வெளிச்சத்தையும் குறையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். குளிர்ந்த போன் வெளிக்காற்றைத் தொட்டதும் உள்ளே ஈரம் படியும், அது போர்டைக் கெடுத்துவிடும்.

டெவலப்பர் ஆப்ஷனில் '4எக்ஸ் எம்எஸ்ஏஏ'வை ஆன் செய்தால் கேம் வேகமாகும் என்கிறார்கள். உண்மையா?

நேர்மாறானது. அது விளிம்புகளை மென்மையாக்குவதற்காக சிப்புக்குக் கூடுதல் வேலை கொடுக்கிற வசதி. ஆன் செய்திருந்தால் உடனே அணையுங்கள். அதே பக்கத்தில் அனிமேஷன் ஸ்கேலைக் குறைத்தால் மெனுக்கள் சுறுசுறுப்பாகத் தெரியும், கேமுக்குள் எதுவும் மாறாது.

எனது போனில் 3 ஜிபி ரேம். 2 ஜிபி விர்ச்சுவல் ரேம் சேர்த்தால் கேம் ஹேங் ஆவது நிற்குமா? ரேம் பூஸ்டர் ஆப் போடலாமா? (ஈரோடு)

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். ரேம் குறையும்போது தேவையில்லாத ஆப்களை மூடுகிற வேலையை ஆண்ட்ராய்டு தானே செய்கிறது. பூஸ்டர் வலுக்கட்டாயமாக மூடியவை சிறிது நேரத்தில் மறுபடி எழுந்து வரும். அப்படி எழுவதற்கும் பேட்டரியும் சிப்பும்தான் செலவாகும். அந்த பூஸ்டரே ரேமில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு விளம்பரம் வேறு காட்டும்.

விர்ச்சுவல் ரேம் என்பது ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. பின்னணியில் இருக்கும் ஆப்கள் சட்டென்று மூடாமல் இருக்க அது உதவும். ஆனால் ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, பழைய போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகை இன்னும் மெதுவு. கேமுக்கு வேண்டிய தகவல் அங்கே போய்விட்டால் அதை எடுத்து வரும்போதெல்லாம் ஒரு வெட்டு விழும். உங்களுக்குப் பலன் தரக்கூடியவை வேறு: விளையாடும் முன் போனை ரீஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் விடுங்கள், ப்ளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள், ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைத் தவிருங்கள். ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தாலும் போன் மந்தமாகும். படங்களையும் வீடியோக்களையும் மெமரி கார்டுக்கு மாற்றி இடம் விடுங்கள். கேமை மட்டும் போனிலேயே வைத்திருங்கள்.

லேக் ஆவது போனாலா, நெட்டாலா? எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம்)

யாரும் இல்லாத இடத்தில் நின்று கேமராவைச் சுழற்றிப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் போன்தான் காரணம். படம் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது, ஆனால் எதிராளி இங்கிருந்து அங்கே தாவுகிறார், சுட்டது பதிவாகவில்லை என்றால் நெட். அதற்குக் கிராபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை. வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், போன் ஏற்குமானால், 5-க்கு மாறுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டிருக்கும். 5 சுவர் தாண்டித் தளர்ந்துவிடும் என்பதால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடுங்கள்.

இன்னொன்று: ப்ளூடூத் இயர்போனில் காலடிச் சத்தம் சற்றுத் தாமதமாக வரும். பழைய போனில் ஒயர் இயர்போனுக்கான துளை இருக்கும். புதுப் போன்கள் பலவற்றில் இல்லாத வசதி அது, பயன்படுத்துங்கள்.

மகன் சார்ஜ் போட்டபடியே விளையாடுகிறான். போனின் பின்மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுத்தினால் உட்காருகிறது. கவலைப்பட வேண்டுமா? (ஒரு தாய், தஞ்சாவூர்)

ஆமாம் அம்மா, கவலைப்பட வேண்டிய விஷயம்தான். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இனி அதை அழுத்தாதீர்கள். போனை அணைத்து, சார்ஜ் போடாமல், மெத்தை, திரைச்சீலை இல்லாத இடத்தில் வெறும் தரையில் வையுங்கள். கூடிய சீக்கிரம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றுங்கள். வீட்டில் யாரும் மூடியை நெம்பித் திறக்க வேண்டாம். பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குவது சூடு. கேமின் சூடும் சார்ஜின் சூடும் ஒன்றுசேர்ந்தால் அது தாங்காது. சார்ஜ் ஏற்றி, கழற்றிய பிறகுதான் விளையாட்டு என்று மகனிடம் சொல்லுங்கள். போன் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும் என்றால் அவனும் கேட்பான்.

35 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே கேம் நடுவில் போன் அணைந்துவிடுகிறது. ஏன்?

பேட்டரிக்கு வயதாகிவிட்டது. வயதாக ஆக அதன் உள்தடை கூடும். கேம் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பேட்டரி மாற்றிய பிறகு அந்த போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. பழைய போனுக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் நல்ல பேட்டரிக்குச் செய்யுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? புதிய மலிவு போன் மேலா?

கேமுக்கு என்றால் வந்த வருடத்தைவிட சிப்பையும் ஸ்டோரேஜ் வகையையும் பாருங்கள். 2018-இல் வந்த போகோ எஃப்1-இல் ஸ்னாப்டிராகன் 845 சிப்பும், இஎம்எம்சியைவிட வேகமான யுஎஃப்எஸ் 2.1 வகை ஸ்டோரேஜும் உண்டு. அதற்குப் பல வருடம் கழித்து வந்த மலிவு போன்கள் சிலவற்றில்கூட இஎம்எம்சிதான். ஆனால் அந்தப் போனின் பேட்டரிக்கும் அத்தனை வயது. பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஜிஎஃப்எக்ஸ் டூல் பயன்படுத்தலாமா? போனை ரூட் செய்தால் வேகம் கூடுமா?

ஜிஎஃப்எக்ஸ் டூல் என்பது கேமின் கிராபிக்ஸ் செட்டிங்கை வெளியிலிருந்து மாற்றுகிற ஆப். அது கேமின் ஃபைல்களில் கை வைக்கிறது. கணக்கே தடை செய்யப்படும் ஆபத்து இருக்கிறது, அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ரூட் என்பது போனின் சிஸ்டத்தையே மாற்றும் உரிமையைத் திறந்துவிடுவது. அதைச் செய்தாலும் சூடு குறையப் போவதில்லை. அப்புறம், ரூட் செய்த போனில் வங்கி ஆப்களும் யுபிஐயும் இயங்க மறுக்கலாம். பணம் அனுப்பவும் அதே போன்தான் என்றால் தொடாதீர்கள்.