ஒரு 'பார்', மூன்று ஆங்கிலச் சொற்கள்

கேள்வி: 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் அகராதியில் 'பார்' என்றே இருக்கிறது. பேசும்போது எதை எடுப்பது?

பதில்: பேசுவதற்கு முன் தமிழ் வாக்கியத்திலேயே சோதித்துவிடலாம். 'பார்த்தேன்' இருக்கும் இடத்தில் 'கண்ணில் பட்டது' பொருந்தினால் சீ. 'பார்வையைத் திருப்பினேன்' பொருந்தினால் லுக். 'கவனித்துக்கொண்டிருந்தேன்' பொருந்தினால் வாட்ச். வாட்ச் என்றால் அங்கே ஏதாவது நகர வேண்டும், அல்லது நடக்க வேண்டும். அதனால்தான் கிரிக்கெட்டுக்கு வாட்ச், கல்யாண ஆல்பத்துக்கு லுக். ஆல்பத்தில் எதுவும் அசைவதில்லை.

லுக்குக்குப் பின்னால் பார்க்கப்படும் பொருள் வந்தால் நடுவில் 'அட்' கட்டாயம். 'லுக் த போர்டு' தவறு, 'லுக் அட் த போர்டு' சரி. மற்ற இரண்டுக்கும் இது தேவையில்லை.

சோதனைக்கு அடங்காத வழக்குகளும் உண்டு. டாக்டரைப் பார்க்கப் போவது 'சீ எ டாக்டர்'. இங்கே வாட்ச் போட்டால் அவரை வேவு பார்ப்பதுபோல் ஆகிவிடும். டிவிக்கு எப்போதும் வாட்ச். சினிமாவுக்கு, தியேட்டர் என்றால் சீ, வாட்ச் இரண்டும் சரி. வீட்டில் போட்டுப் பார்த்தால் வாட்ச். 'ஐ ஆம் சீயிங் ஹெர்' என்று மட்டும் யோசிக்காமல் சொல்லிவிடாதீர்கள். அவளோடு காதல் உறவில் இருக்கிறேன் என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்!

'பார்த்துப் போ', 'குழந்தையைப் பார்த்துக்கொள்' ஆகியவற்றில் கண்ணுக்கு வேலையே இல்லை. முதலாவது 'பி கேர்ஃபுல்', இரண்டாவது 'லுக் ஆஃப்டர்'.

கேள்வி: 'ஹி டோல்ட் டு மீ' என்று எழுதினால் திருத்துகிறார்கள். 'ஹி செட் டு மீ' மட்டும் எப்படிச் சரி?

பதில்: 'என்னிடம் சொன்னான்' என்பதில் உள்ள 'இடம்'தான் உங்களை 'டு' போட வைக்கிறது. 'டோல்ட்' டெல்லின் இறந்தகாலம், 'செட்' சேயின் இறந்தகாலம். டெல்லுக்கு அடுத்து ஆள் நேரடியாக வருவார்: 'ஹி டோல்ட் மீ'. சேவுக்கு அடுத்து வருவது சொன்ன சேதி. ஆளைக் குறிக்க வேண்டுமானால்தான் 'டு'. உண்மை, பொய், கதை, ஜோக் நான்கும் டெல்லோடு சேரும். நன்றிக்கும் விடைபெறுவதற்கும் சே.

கேள்வி: 'ஐ ஹாவ் எ டவுட்' தவறா?

பதில்: நம் வகுப்பறைகளில், அலுவலகங்களில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. லண்டன்காரரிடம் சொன்னால், அவர் பேச்சில் உங்களுக்கு நம்பிக்கையில்லை என்று எண்ணக்கூடும். அங்கே 'ஐ ஹாவ் எ கொஸ்டின்'.

கேள்வி: பலத்த மழை ஏன் 'ஸ்ட்ராங் ரெயின்' இல்லை?

பதில்: காரணம் தேடிப் பயனில்லை, அது வழக்கு. மழைக்கும் டிராஃபிக்குக்கும் ஹெவி, காற்றுக்கும் காபிக்கும் ஸ்ட்ராங். எதிர்ச்சொல்லையும் சேர்த்தே மனதில் வையுங்கள்: ஹெவி ரெயினுக்கு எதிர் லைட் ரெயின், ஸ்ட்ராங் டீக்கு எதிர் வீக் டீ. நம் டீக்கடை 'லைட் டீ' கடல் தாண்டினால் செல்லாது.

சந்தேகம் வந்தால் ஆங்கிலம்–தமிழ் அகராதியை விட்டுவிட்டு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதியைப் பாருங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ்.ஹார்ன்பி தொகுத்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது இவ்வகையில் புகழ்பெற்றது. எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை அதன் இன்றைய பதிப்புகளின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் காணலாம்.

அதுவும் போதாவிட்டால், ஒரு தொடர் புத்தகங்களில் எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் இணையக் கருவியான கூகுள் என்கிராம் வியூவரில் இரண்டு தொடர்களையும் நடுவில் காற்புள்ளி வைத்து இடுங்கள். எந்தக் கோடு மேலே ஓடுகிறதோ அதுதான் அதிகம் புழங்குவது. ஆனால் அது எண்ணுவது அச்சிட்ட புத்தகங்களை. கடைத்தெருப் பேச்சு அதில் சரியாகத் தெரியாது. 'பர்ச்சேஸ்' உயரமாகத் தெரிந்தாலும் காய்கறிக் கடையில் அதைச் சொல்லாதீர்கள். அங்கே 'பை' போதும்.