சுரங்கமா, பார்சலா?

வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், விண்வெளியின் இரு இடங்களைக் குறுக்குவழியாக இணைக்கும் புழுத்துளை திறப்பதாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் செவ்வாயைப் போலக் காற்று மெலிந்த கோள். விண்வெளி உடையோடு அண்ணன் முதலில் போய்ச் சேர்கிறான். அதே போன்ற உடையில் தங்கை ஒரு காலை உள்ளே வைக்கும்போது துளை மூடத் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்கும் பாட்டி அலறுகிறார். அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து தங்கையின் காலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறான். வாசிப்பு வட்டத்தில் படித்தபோது, கோளுக்குக் கோள் வாசல்வழியே போகும் 'ஸ்டார்கேட்' அறிவியல் புனைவுத் தொடரைப் பார்த்த நண்பர்கள் "அப்படி இழுக்கவே முடியாது" என்றார்கள். ஏன் முடியாது? ஆள் ஒரு பக்கமாகத்தான் போகலாம், வானொலி மட்டும் இரு பக்கமும் போகும், 38 நிமிடத்தில் வாசல் மூடிவிடும் என்பதெல்லாம் எழுதுபவர்கள் தங்கள் வசதிக்குப் போட்டுக்கொண்ட விதிகள்தானே?

ஈசூன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டார்கேட் விதிப்படி உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. வேறொரு தொடரின் விதிப்படி உங்கள் அண்ணன் தாராளமாக இழுக்கலாம். உங்கள் கதை இரண்டையும் கலந்துவிட்டதுதான் சிக்கல்.

'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வருவது சுரங்கப்பாதை. சுமார் 70,000 ஒளியாண்டு தொலைவை இணைக்கும் அந்தத் துளைக்குள் விண்கப்பல், கப்பலாகவே போகிறது. எந்தப் பக்கமிருந்தும் வரலாம், கதவு கிடையாது. அதனால்தான் ஐந்தாம் சீசனின் முடிவில், எதிரிப் படை வராமலிருக்க, தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும் கண்ணிவெடிகளைத் துளையின் வாயில் விதைக்கிறார்கள்.

'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' (1997–2007) தொடரில் வருவது பார்சல் சேவை. உங்கள் புளோக்கின் கீழே இருக்கும் பார்சல் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதவு சாத்தாது, பார்சல் ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்கும் ஏறாது. ஸ்டார்கேட்டில் அனுப்பும் வாசல், உள்ளே வரும் பொருளை அணு அணுவாகப் பிரித்துத் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. கடைசி நுனியும் உள்ளே வந்த பிறகுதான் அனுப்புகிறது. பெறும் வாசல் அதைத் திரும்பக் கோக்கிறது. ஒரு வாசலிலிருந்து இன்னொன்றின் முகவரியைத் தொலைபேசி எண் போல டயல் செய்துதான் துளையைத் திறப்பார்கள். டயல் செய்த வாசல் பிரிக்கும், டயல் வந்த வாசல் கோக்கும். ஒரே இணைப்பில் இந்த வேலைகள் இடம் மாறுவதில்லை. ஆள் ஒருவழியில் மட்டும் போவது இதனால்தான். வானொலி அலையைப் பிரிக்கவும் வேண்டாம், கோக்கவும் வேண்டாம். துளை திறந்திருக்கும்வரை அது பாட்டுக்குப் போய்வரும்.

இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு, அதைத் தொடர் வசூலிக்கவும் செய்கிறது. இரண்டாம் சீசனில், கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வாசலைப் பூமியிலிருந்து டயல் செய்துவிடுகிறார்கள். ஆள் எவரும் திரும்பி வரமுடியாத அந்தத் துளைவழியே கருந்துளையின் ஈர்ப்பு வந்து சேர்கிறது, பூமித் தளத்தில் நேரமே மெதுவாகிறது. அலை வரலாம் என்றால் ஈர்ப்பும் வரலாமே என்று யோசித்த அந்த எழுத்தாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 38 நிமிட வரம்பு உடைவதும் அங்கேதான். துளையைத் திறந்து வைத்திருக்கும் ஆற்றலைக் கருந்துளையே தந்துவிடுகிறது.

அந்த வரம்பு வெறும் வசதி என்று நான் நினைக்கவில்லை. இணைப்பு இருக்கும்வரை அந்த வாசலிலிருந்து வேறெங்கும் டயல் செய்ய முடியாது. எதிரி 38 நிமிடத்துக்கு ஒருமுறை டயல் செய்துகொண்டே இருந்தால் போதும், உங்களை அடைத்து வைத்துவிடலாம். நாயகர்களையும் கட்டிப்போடும் விதியை வசதி என்று எப்படிச் சொல்வது?

பூமி வாசலின் 'ஐரிஸ்' தடுப்பையும் கவனியுங்கள். அந்த உலோகத் தகடு வாசலின் பரப்புக்கு 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் மூடிக்கொள்கிறது. அது சுவர் போல நின்று வருபவரை மறிப்பதில்லை, உடல் திரும்பக் கோத்துக்கொள்ள இடமே விடுவதில்லை.

இனி உங்கள் தங்கை. 'ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்' முதல் சீசனில் (2004) இதே நிலைமை ஒரு கப்பலுக்கு வருகிறது. பக்கவாட்டில் நீட்டியிருக்கும் இயந்திரம் உள்ளே மடங்காததால், விண்வெளியில் மிதக்கும் வாசலில் கப்பல் பாதியில் சிக்கிக்கொள்கிறது. ஓட்டுநர் அறை உள்ளே, பின்பகுதி வெளியே. முன்னால் இருந்தவர்கள் எதிர்ப்பக்கத்துக்கும் போய்ச் சேரவில்லை; பிரிக்கப்பட்டுச் சேமிப்பில் இருக்கிறார்கள். 38 நிமிடம் முடிந்து வாசல் மூடினால் கப்பல் இரண்டு துண்டு. இயந்திரத்தை மடக்கிய பிறகும் கப்பல் தானாக நகரவில்லை. பின்கதவைத் திறந்துவிடுகிறார்கள், உள்ளிருந்த காற்று பின்னால் பீறிட, அந்த எதிர்விசையில் கப்பல் முன்னால் போய் முழுசாக உள்ளே விழுகிறது. தள்ளுவிசை வந்தது வெளியே இருந்த பாதியிலிருந்து.

அப்படியானால் உங்கள் கதையில், தங்கையின் கால் அண்ணன் இருக்கும் கோளில் இல்லை. அவன் பிடிக்க அங்கே ஒன்றுமே நீட்டிக்கொண்டிருக்காது.

சுரங்கம்தான் வேண்டுமென்றால் கால் அந்தப் பக்கம் நிஜமாகவே தெரியும், இழுக்கலாம். ஆனால் காற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள துளையை ஒரு பலகையால் மூடினால், அதன்மேல் ஏறத்தாழ 20 டன் பாரம் அழுத்தும். திறந்தே கிடந்தால் வினாடிக்குச் சுமார் 400 கன மீட்டர் காற்று அந்தப் பக்கம் பாயும், ஒரு நாலறை வீட்டில் இருக்கும் மொத்தக் காற்றையும்விட அதிகம். கீழ்த்தளத்தின் கல்மேசையைத் தவிர மற்ற எல்லாம் பறக்கும். அண்ணன் இழுக்கத் தேவையே இருக்காது, தங்கையோடு பாட்டியும் போய்விடுவார். ஸ்டார்கேட்டில் இந்தத் தொல்லை இல்லை. வெற்றிடத்தில் மிதக்கும் வாசலோடு இணைத்தாலும் அட்லாண்டிஸ் நகரில் வாசல் இருக்கும் கூடத்தின் காற்று வெளியே ஓடுவதில்லை.

உங்கள் கதையில் கீழ்த்தளத்தில் காற்று அசைவதாக ஒரு வரிகூட இல்லை. எனவே நீங்கள் எழுதியிருப்பது பார்சல் வாசல்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதையே வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் காட்சியை மட்டும் மாற்றுங்கள். அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து வானொலியில் கத்தட்டும், அது கேட்கும். பாட்டியை வெறுமனே அலறவிடாதீர்கள். தங்கையைத் தள்ளிவிடக்கூடிய தூரத்தில் நிற்பவர் அவர் ஒருவர்தான்.

அன்புடன்.