உலகில் அதிக நிலக்கரி வெட்டும் நாடுகளில் இரண்டாவதாக இருந்தும் இந்தியா ஏன் இறக்குமதி செய்கிறது?

அனல் மின்நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் நிலக்கரி மாதிரிகளைச் சோதித்தவன் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். நன்கு பொடித்த கரியில் 1 கிராம் எடுத்து, 815 டிகிரி செல்சியஸ் உலையில் முழுவதுமாக எரியவிட்டு, ஆறியபின் எஞ்சியதை எடை போடுவோம். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து வந்த கரியென்றால் 0.4 கிராமுக்கு அருகில் சாம்பல் நிற்கும். இந்தோனேசியக் கரியில் அது பெரும்பாலும் 0.1 கிராமைத் தாண்டாது.

2024-25இல் இந்தியா முதன்முறையாக 100 கோடி டன்னைக் கடந்து, ஏறத்தாழ 104.7 கோடி டன் வெட்டியது; அதே ஆண்டில் சுமார் 24 கோடி டன் இறக்குமதியும் செய்தது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைக்கும்போது எழும் வியப்புக்குக் காரணம், எல்லாக் கரியும் ஒன்றே என்று நாம் எடுத்துக்கொள்வதுதான். இந்தியா மற்ற தென் கண்டங்களோடு ஒரே நிலப்பரப்பாக இருந்த கோண்டுவானாக் காலத்தில் ஆற்று வெள்ளம் அடித்து வந்த தாவரங்களோடு வண்டலும் சேர்ந்து படிந்து உருவானது நம் கரி. மண் அதற்குள் நுணுக்கமாகக் கலந்திருப்பதால் கழுவினாலும் எளிதில் பிரிவதில்லை.

இதில் அதிகம் சிக்கிக்கொள்வது எஃகுத் தொழில். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைக்கு வேண்டிய கோக் (காற்றில்லாமல் சூடேற்றிக் கெட்டியாக்கிய கரி) தயாரிக்க, சூடேறும்போது இளகி, பிறகு கெட்டிப்படும் தன்மையும் குறைந்த சாம்பலும் உள்ள கோக்கிங் கரி தேவை. ஜார்க்கண்டின் ஜரியாவில் அந்த வகை இருக்கிறது என்றாலும், அதிலும் சாம்பல் மிகுதி. போதாக்குறைக்கு, நூறாண்டுகளுக்கும் மேலாக அணையாத நிலத்தடி நெருப்பின் மீது அங்கே குடியிருப்புகள் நிற்கின்றன. ஆகவே எஃகு ஆலைகள் பெரிதும் ஆஸ்திரேலியாவை நம்பியிருக்கின்றன. சாதாரணக் கரியை இன்னொரு மடங்கு வெட்டினாலும் இந்தத் தேவை குறையாது.

மின்சாரத்துக்கான கரியின் கதை வேறு. கடலோர நிலையங்கள் சிலவற்றின் பாய்லர்கள் இறக்குமதிக் கரிக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சாம்பல் மிகுந்த உள்நாட்டுக் கரியை அவற்றில் அப்படியே போட முடியாது. அடுத்தது தூரம். தால்ச்சர் கரி ரயிலில் பாராதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வந்து சேர வேண்டும். ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலில், ஏறத்தாழ 4,000 டன் ஏறும். சாம்பல் 40 சதவீதம் என்றால் அதில் 1,600 டன் எரியாத மண்ணுக்கும் சேர்த்தே கூலி கட்டுகிறோம். (நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: அங்கே கிடைப்பது ஏறத்தாழ பாதி ஈரமான பழுப்பு நிலக்கரி, சுரங்கத்தின் அருகிலேயே எரித்தால்தான் கட்டுபடியாகும்.)

விலையும் இந்தக் கணக்கை மாற்றும். 2022இல், உக்ரைன் போருக்குப் பின், ஆஸ்திரேலியாவின் நியூகாசில் கரி டன்னுக்கு 400 டாலரைத் தாண்டிய நேரத்தில்தான், உள்நாட்டுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 10 சதவீதம் வெளிநாட்டுக் கரியைக் கலக்குமாறு மத்திய அரசு மின்நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. பூமிக்கடியில் கரிக்குப் பஞ்சமில்லை. வெட்டிய கரியைக் கோடைக்கு முன் கொண்டுசேர்க்கப் போதிய ரேக்குகள் கிடைக்காததும், நிலையங்களில் இருப்பு கரைந்திருந்ததுமே என் பார்வையில் அந்த நெருக்கடிக்கு முக்கியக் காரணங்கள்.

2023-24இல் 26 கோடி டன்னைத் தாண்டியிருந்த இறக்குமதி மறு ஆண்டே சரிந்ததற்கு, மின்நிலையங்கள் கலப்புக்காக வாங்கும் கரியைக் குறைத்ததும் ஒரு காரணம். அந்தப் பகுதியை இன்னும் குறைக்கலாம். கோக்கிங் கரியின் பங்கோ, புதிய ஊதுலைகள் எழும்ப எழும்பக் கூடவே செய்யும்.