வாசகர் கேள்வி: ஒரே பல்கலைக்கழகம், மூன்று வளாகங்கள்

கேள்வி: டொராண்டோ பல்கலைக்கழகத்தில் என் மகளுக்கு இரண்டு இடங்கள் வந்துள்ளன. ஸ்கார்பரோ வளாகத்தில் கணினி அறிவியல். நகர மையத்தில் உள்ள செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் இயற்பியல், கணிதப் பிரிவு. செயின்ட் ஜார்ஜில் சேர்ந்துவிட்டு அங்கேயே கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: அந்த நம்பிக்கையில் சேர வேண்டாம். செயின்ட் ஜார்ஜில் முதலாண்டில் இயற்பியல்-கணிதம், கணினி என்பது போன்ற ஒரு பரந்த பிரிவில்தான் சேர்க்கிறார்கள். 4.0 கிரெடிட் (பாட அலகு) முடித்த பிறகே முதன்மைப் பாடத்துக்கு விண்ணப்பம். கணினிக்கென்றே சேர்க்கப்பட்டவர்கள், கேட்கும் மதிப்பெண்ணை எடுத்தால் உள்ளே போய்விடுவார்கள். பிற பிரிவினருக்கு மிஞ்சுவது மிகச் சில இடங்கள். நல்ல மதிப்பெண் இருந்தும் கிடைக்காமல் போவதுண்டு. கணினிதான் வேண்டுமென்றால் ஸ்கார்பரோவே சரி.

பட்டத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. 1827இல் கிங்ஸ் கல்லூரியாகத் தொடங்கிய இந்த அரசுப் பல்கலைக்கழகம், 1960களில் வந்த ஸ்கார்பரோ, மிசிசாகா வளாகங்களுக்கும் தன் பெயரிலேயே பட்டம் தருகிறது. ஆனால் வளாகம் மாறுவது தனி விண்ணப்பம், இடம் உறுதியில்லை. சம்பளத்தோடு வேலைப் பயிற்சி தரும் கோ-ஆப், ஸ்கார்பரோவின் பலம். சேர்க்கைக் கடிதத்தில் 'கோ-ஆப்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாடக் குறியீடுகளின் கடைசியில் எச்1, எச்3 என்று வருகிறதே?

பதில்: எச் என்றால் அரைப் பாடம், 0.5 கிரெடிட். ஒய் முழுப் பாடம், 1.0. கடைசி எண் வளாகம்: 1 செயின்ட் ஜார்ஜ், 3 ஸ்கார்பரோ, 5 மிசிசாகா. இதைக் கவனிக்காமல் பதிவு செய்தால் காலை வகுப்பு ஒரு வளாகம், மதியம் இன்னொன்று என்று அலைய நேரும். ஆனர்ஸ் பட்டத்துக்கு மொத்தம் 20.0 கிரெடிட், பருவத்துக்கு ஐந்து அரைப் பாடம் எடுத்தால் நான்காண்டில் முடியும். முதல் பருவத்தில் நான்கு எடுத்தாலும் குற்றமில்லை, கட்டண விதியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: 70 மதிப்பெண் மோசமா?

பதில்: 70 முதல் 72 வரை பி மைனஸ், அதாவது ஜிபிஏ எனும் தரப்புள்ளிச் சராசரியில் 4.0க்கு 2.7. தேர்ச்சிதான். முழு 4.0 கிடைக்க 85 போதும். அதற்கு மேல் 99 எடுத்தாலும் ஜிபிஏ ஏறாது.

கேள்வி: அங்கே தமிழ் இருக்கை உண்டா?

பதில்: உண்டு, ஸ்கார்பரோவில். அதற்கான 30 லட்சம் டாலர் 2021இல் நன்கொடையாகத் திரண்டது.