1772இல் போட்ட குழாய்

அன்புள்ள ஐயா,

நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன். பழைய சென்னை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். போன கட்டுரையில் வெள்ளைக்காரர்கள் இந்த ஊருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பது போன்ற தொனி இருந்தது. 1664இல் ஜெனரல் ஆஸ்பத்திரி, 1819இல் கண் ஆஸ்பத்திரி, 1835இல் மருத்துவப் பள்ளி எல்லாம் அவர்கள் கொடுத்ததுதானே? அவர்கள் வராமல் இருந்திருந்தால் இந்த ஊரில் ஒரு நவீன மருத்துவமனை வந்திருக்குமா? நன்றி சொல்வதில் என்ன கூச்சம்? (எங்கள் தாத்தாவும் சுகாதாரத் துறைதான், கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடும் சாதாரண வேலை. குடும்பத்தில் முதல் டாக்டர் நான்தான்.) ஸ்டான்லி பெயரை மாற்றலாமா? படிக்க நல்ல புத்தகங்கள் சொல்லுங்கள்.

உங்கள் வாசகர்

அன்புள்ள டாக்டர்,

புத்தகப் பட்டியல் தனியாக வரும். பெயர் மாற்றம் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் வயதானவர்களுக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான், எந்தக் கவர்னர் பெயரும் அதை அசைக்கவில்லை. 'வராமல் இருந்திருந்தால்' என்ற கேள்விக்கு ஒரே வரி: சியாமை (இன்றைய தாய்லாந்து) எந்த வெள்ளைக்காரரும் பிடித்து ஆளவில்லை, பாங்காக்கில் சிரிராஜ் மருத்துவமனை 1888இல் வந்துவிட்டது. அத்தோடு விடுங்கள்.

நீங்கள் அடுக்கிய வருஷங்களில் முதலாவதை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். 1664இல் எட்வர்ட் வின்டர் கோட்டைக்குள் ஆரம்பித்தது கம்பெனியின் நோயாளி சிப்பாய்களுக்காக. நம் ஆட்களுக்கு அதன் கதவு திறந்தது 1842இல். நடுவே 178 வருஷம். அந்த இடைவெளியில் ஊர்க்காரனுக்கு வாய்த்தது, 1782 பஞ்சத்தில் ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்துக் கஞ்சியும், 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் தொடங்கிய சிறு மருத்துவமனையும். இரண்டும் பிறகு ஒன்றாகிப் பல கை மாறித்தான் இன்று நீங்கள் நைட் டியூட்டி பார்க்கிற இடமாக நிற்கிறது. அந்தச் சத்திரம் இன்னும் பக்கத்திலேயே முதியோர் இல்லமாக இருக்கிறது, டீ குடிக்க வெளியே வரும்போது எட்டிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரிகளைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. ஒரு ஊரின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் கட்டடத்தையே எண்ணுகிறார்கள், அதுவும் டாக்டர்கள் இதில் ரொம்ப மோசம். ஜெனரல் ஆஸ்பத்திரி இன்றிருக்கும் இடத்துக்கு வந்தது 1772இல். அதே 1772இல்தான் கேப்டன் பேக்கர் திட்டப்படி ஏழு கிணறு வேலை செய்ய ஆரம்பித்தது. கிணறுகள் தோண்டியது கோட்டைக்கு வெளியே, ஊர்க்காரர்கள் குடியிருந்த பக்கம், அங்கேதான் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர். குழாய் போனது கோட்டைக்கு. அதற்கு முன்னால் இதே தண்ணீரை ஆட்களும் மாடுகளும் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள், முற்றுகை வந்தால் கோட்டை தாகத்தில் செத்துவிடுமே என்ற பயம் வந்ததும் குழாய் வந்துவிட்டது. (அந்த ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் வடலூரில் அடுப்பை மூட்டிய வள்ளலார். அதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.)

சரி, கோட்டைக்கு வெளியே இருந்தவனுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வந்தது? செங்குன்றம் ஏரியிலிருந்து 1872இல். சரியாக நூறு வருஷம் கழித்து. அதுவும் திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம்வரை வந்து, வடிகட்டாமல் அப்படியே குழாயில் இறங்கிய தண்ணீர். மணல் வடிகட்டி போட்டது 1914இல், மேட்லி என்ற இஞ்சினியர் காலத்தில். தி. நகரில் மேட்லி சாலை அவர் பெயரில்தான். மழை வந்தால் அந்தச் சாலையின் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதை அவர் பார்க்காமல் போனது நல்லது.

இந்த மூன்று வருஷங்களையும் வரிசையாக வைத்து, இடையில் காலராவையும் வைத்துப் பாருங்கள். காலரா 1818இல் சென்னைக்கு வந்தது. தண்ணீர் மூலம் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ என்ற டாக்டர் 1854இல் காட்டிவிட்டார். ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோச் 1884இல் கல்கத்தாவின் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டுபிடித்தார், அதாவது நம் வாசலில். அப்போதும் இந்திய அரசின் சுகாதார அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று என்றார்கள், மண் என்றார்கள். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா? 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தாகிவிட்டது. இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களை ஐரோப்பியத் துறைமுகங்களில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள், சரக்கு தாமதமாகும். துறைமுக ஊருக்கு இதுதான் தலைவிதி. நோயும் கப்பலில் வரும், நோயைப் பற்றிய பொய்யும் கப்பலுக்காகவே சொல்லப்படும்.

நான் வெள்ளைக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அவசரப்பட வேண்டாம். 1877 பஞ்சத்தில் இதே சென்னையில் கார்னிஷ் என்று ஒரு சுகாதார ஆணையர் இருந்தார். செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச நிவாரண வேலையில் நாள் முழுக்கக் கல் சுமக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று விதித்தார். கார்னிஷ் அதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். கடைசியில் சென்னை அரசு பாதி தூரமாவது அவர் வழிக்கு வந்தது. நன்றி சொல்ல ஆள் வேண்டுமென்றால் இவருக்குச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். கவர்னர் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நன்றி நன்றி என்றால் எரிச்சல்தான் வரும்.

இப்போது உண்மையாகவே கோபப்படப் போகிறேன். தாத்தாவை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? அதுவும் 'சாதாரண வேலை' என்ற பட்டத்தோடு?

நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் வீடு ராயபுரத்தில் ஒரு சந்தில். ஆறு குடித்தனத்துக்கு ஒரு கிணறு. வெயில் காலத்தில் சைக்கிளில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வருவார், கேரியரில் இரண்டு வாளி. அவரைக் கண்டதும் பெண்கள் எல்லாம் அவசர அவசரமாகத் தண்ணீர் இறைத்துக் குடங்களை நிரப்பிவிடுவார்கள், அவர் மருந்து போட்டால் ஒரு நாள் முழுக்கக் காப்பியில் வாடை அடிக்கும். என் அம்மாவுக்கு இன்னொரு புகாரும் உண்டு, மருந்து போட்ட தண்ணீரில் பருப்பு வேகாது. ஒருநாள் அந்த மனிதர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழப்பினார், மேலும் தண்ணீர் ஊற்றி, சும்மா விட்டுவிட்டுப் பீடி பற்ற வைத்தார். சுண்ணாம்பு அடியில் தங்கியது. மேலே தெளிந்ததை மட்டும் இரண்டாவது வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் ஆழமாக இறக்கி, ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிக் கலக்கினார். அடியில் நின்ற வெள்ளைச் சேற்றை அம்மாவிடம் நீட்டி, "இதைக் கொட்டினாத்தாம்மா பருப்பு வேகாது, நான் கொட்டலை பாரு" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வருஷமும் திட்டினாள், அது வேறு.

நீங்கள் கம்யூனிட்டி மெடிசினில் ஹாராக்ஸ் கருவி படித்திருப்பீர்கள். ஒரு கறுப்புக் கோப்பை, ஆறு வெள்ளைக் கோப்பை, எந்தக் கோப்பையில் நீலம் தெரிகிறது என்று பார்த்துப் பவுடர் அளவு சொல்வது. வைவாவில் கேட்டால் ஒப்பித்திருப்பீர்கள். உங்கள் தாத்தா அதைக் கிணற்றடியில், வெயிலில், கெட்ட வார்த்தை வாங்கிக்கொண்டு செய்தவர். அவர் வேலை சரியாக நடந்த தெருவிலிருந்து உங்கள் வார்டுக்கு நோயாளியே வந்திருக்க மாட்டான், அதனால்தான் அவர் பெயரில் கட்டடம் இல்லை. வராத நோயாளியை யார் எண்ணுவது? குடும்பத்தின் முதல் டாக்டர் என்று பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் சந்தோஷம்தான். குடும்பத்தில் ஊர் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொண்ட முதல் ஆள் நீங்கள் இல்லை.

அவர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நான் ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். எந்தெந்தத் தெருக்கள், காலரா வந்த வருஷங்களில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், பவுடர் டப்பாவை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் விடிகாலை மூன்று மணிக்கு வந்திருக்கிறது. டியூட்டியில் இருந்தால் நோயாளியைப் பாருங்கள், இல்லையென்றால் தூங்குங்கள். கம்பெனி வரலாறு எங்கேயும் ஓடிவிடாது.